குழாய் போடுவதற்கு முன் இறுக்கமான மாஸ்க் எதற்கு?

கதிரவன் கேட்டது:
அம்மாவுக்கு 64 வயது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பை தொங்கும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதத்தைத் தாண்டவில்லை. வென்டிலேட்டரில் வைத்தே ஆகவேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் உடனே மூச்சுப்பாதையில் குழாய் போடவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் வேறொரு மாஸ்கை மாட்டிச் சில நிமிடங்கள் வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பிடுங்கப் பார்த்ததைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். மூச்சுத் திணறுகிறவரை ஏன் இப்படிக் காக்க வைக்க வேண்டும்? இன்று ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் மனது ஆறவில்லை.

ஐசியூ மருத்துவர் ஒருவர்:
கதிரவன், குழாய் போடும் வேலை அந்த மாஸ்கில்தான் தொடங்குகிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் ஏறியதும் மூச்சு நின்றுவிடும். குழாய் உள்ளே போகும்வரை நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் உடல் தாக்குப்பிடிக்க வேண்டும். நலமாக இருப்பவருக்கு முன்கூட்டியே ஆக்சிஜனை நிரப்பினால் ஏழெட்டு நிமிடம்கூடத் தாங்கும். நிமோனியாவில் காற்றறைகள் பல நீர் கோத்தும் சுருங்கியும் கிடக்கின்றன. சேமிக்க இடமே இல்லை. ஒரு நிமிடத்துக்குள் அளவு சரிந்துவிடலாம். இந்தச் சரிவில் இதயமே நின்றுபோகவும் கூடும்.

சாதாரண மாஸ்கில் பக்கவாட்டில் வெளிக்காற்று கலந்துவிடுகிறது, அழுத்தமும் கிடையாது. உங்கள் அம்மாவுக்கு மாட்டியது அழுத்தத்துடன் ஆக்சிஜனைச் செலுத்துவது; சுருங்கிய காற்றறைகளை விரிய வைக்கும். 2024இல் அமெரிக்காவின் 24 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,301 பேரிடம் இதைச் சோதித்தார்கள். குறைந்தது மூன்று நிமிடம் வைத்தார்கள். குழாய் போடும் வேளையில் ஆக்சிஜன் 85-க்குக் கீழே போனது சாதாரண மாஸ்கில் 18.5 சதவீதம் பேருக்கு, அழுத்த மாஸ்கில் 9.1 சதவீதம் பேருக்கு. அழுத்தத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்று நாங்கள் பயந்தோம், அதுவும் கூடவில்லை. என் பிரிவில் இப்போது இதைத்தான் முதலில் எடுக்கிறோம். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் முகத்தில் அடிபட்டவருக்கும் மட்டும் வேறு வழி.

மயக்கவியல் மருத்துவர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் கொடுப்பதும் ஒரு வழி. 2019இல் பிரான்சில் இரண்டையும் ஒப்பிட்டபோது மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நுரையீரல் மிகவும் கெட்டிருந்தவர்களுக்கு அழுத்த மாஸ்கே கைகொடுத்தது. அழுத்த மாஸ்குக்கான இயந்திரம் இல்லாத ஊர்களில், கையால் அமுக்கும் பையில் அழுத்த வால்வைப் பொருத்தி, மாஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம்.

ஐசியூ செவிலியர்:
அந்த மூன்று நிமிடமும் என் கை மாஸ்கில்தான் இருக்கும். மூக்குத்தண்டின் இரு பக்கமும் காற்று கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பேன். பல்செட் இருந்தால் அப்போது கழற்றமாட்டேன். கழற்றினால் கன்னம் ஒட்டிக் கசியும். வாய்க்குள் கருவியை வைக்கப்போகும்போதுதான் எடுப்பேன். நோயாளி பிடுங்கத்தான் செய்வார். கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கதிரவன்:
அம்மாவுக்குப் பல்செட் உண்டு. ஒரு நர்ஸ் அதைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: பிடுங்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஐசியூ மருத்துவர் ஒருவர்:
கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொஞ்சம் கொடுப்போம். பதற்றம் அடங்கும், மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடும். அதற்குள் மாஸ்கைச் சரியாக மாட்டி ஆக்சிஜனை ஏற்றிவிட்டு, பிறகுதான் தசை தளர்த்தும் மருந்து.