வக்கீல் வேறு நிறுவனத்துக்கு மாறினால் உங்கள் கோப்பு யாரிடம் இருக்கும்?

தம்பி, உங்கள் குடியேற்ற வக்கீல் நிறுவனத்தை விட்டு விலகுகிறார், இனி உங்கள் கோப்பு என்னவாகும் என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. முதலில் பதறாதீர்கள். இங்கே அமெரிக்காவில் வக்கீல் விலகினாலும் கோப்பு உங்களுடையது. விலகுகிறவரோடு போகலாம், பழைய நிறுவனத்திலேயே தொடரலாம், இரண்டும் வேண்டாமென்றால் புதியவரைத் தேடலாம். கட்சிக்காரர் தம் விருப்பப்படி போவதை நிறுவனம் தடுக்கக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 489-ஆம் கருத்துரை (2019) தெளிவாகவே சொல்கிறது.

என் வக்கீல் விலகியபோது அதை அறிவித்து எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அடியில் இந்த மூன்று வழிகளுக்கும் மூன்று சிறு கட்டங்கள். ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அதற்குள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குக் கூடுதல் ஆவணம் கேட்டுக் குடியேற்றத் துறையின் நோட்டீஸ் வந்தது. வக்கீலுக்கும் ஒரு பிரதி போயிருக்கும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அது போனது அவருடைய பழைய முகவரிக்கு. இவர்தான் நம் வக்கீல் என்று குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும் ஜி-28 படிவத்தில் இருந்தது அந்த முகவரிதான். மூன்று வாரம் வீணாயிற்று. இத்தகைய நோட்டீஸுக்குப் பதில் தர அதிகபட்சம் 12 வாரம்தான், நீட்டிப்பே கிடையாது. மீதி நாட்களில் நானும் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே புதிய முகவரியைப் பதிந்துவிட்டாரா என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். வேறு வக்கீலிடம் போனால் புதிய ஜி-28 தேவை. அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். யாரும் வந்து கையெழுத்துக் கேட்கவில்லையென்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

கொடுத்த முன்பணத்தில் இன்னும் வேலை செய்யாத பகுதிக்குக் கணக்குக் கேளுங்கள். அதைத் திருப்பித் தருவது அவர்கள் கடமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வக்கீல் தொழிலையே விற்றுவிட்டுப் போகிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. சங்கத்தின் மாதிரி விதிப்படி, அறிவிப்பு வந்த 90 நாளுக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், தொழிலை வாங்கியவரிடம் கோப்பு போகச் சம்மதித்ததாகவே கொள்வார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி சற்று மாறும்.

எச்-1பி வேலை விசா மனு என்றால் நிலைமை வேறு. மனுதாரர் உங்கள் கம்பெனி. பெரும்பாலும் வக்கீலைத் தேர்ந்தெடுப்பதும் கம்பெனிதான். அங்கே மனிதவளத் துறையிடம்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு வந்த கடிதம் இன்னும் கையில் இருந்தால் இன்றைக்கே குறியிட்டு அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.