மேல வீதி வாட்ஸ்அப் குழு, கானாடுகாத்தான்: ஜெர்மன் டீச்சர்

ஆச்சி (வளவு வீடு): நம்ம பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித் தர ஜெர்மனியிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு வயிறு சரியில்லை. மோரும் இடியாப்பமும் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன். நேற்று யார் வீட்டில் சாப்பிட்டாள்?

கோடி வீட்டு அண்ணி: எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. அதற்கு முன்னாலேயே எதிர் வீட்டில் கந்தரப்பம் ஆகியிருக்கிறது ஆச்சி.

எதிர் வீடு: வாசல் வரைக்கும் வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர்: எல்லோரும் பிரியமாகத்தான் கூப்பிடுகிறீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாயங்காலம் உட்கார்ந்துதான் மறுநாள் வகுப்புக்குப் படம் வரைகிறது, அட்டை வெட்டுகிறது. வீடு வீடாகப் போய் வந்தால் அதற்கு நேரம் ஏது? விருந்தாளியாகப் பார்க்காதீர்கள். வேலைக்கு வந்திருக்கிற பிள்ளை.

ஆச்சி (வளவு வீடு): டீச்சர் சொல்வது சரி. இனிமேல் ராத்திரிச் சாப்பாடு என் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீங்கள் கூப்பிடுங்கள். எந்த வீடானாலும் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும்.

சென்னைத் தம்பி: ஆச்சி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டில் தங்க வைத்தாலும்தான். கொடுத்தாச்சா?

ஆச்சி (வளவு வீடு): வந்த அன்றைக்கே பேரன் பதிந்துவிட்டான்.

கடை அண்ணன்: சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

சென்னைத் தம்பி: சம்பளமே கிடையாது அண்ணே. ஜெர்மனி அரசு 2008இல் ஆரம்பித்த வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில் வந்திருக்கிறார். 18 முதல் 28 வயது வரைக்கும் உள்ளவர்கள் வரலாம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் கிடைக்கும், அவ்வளவுதான்.

கடை அண்ணன்: அப்படியென்றால் டீச்சருக்குப் படித்த பிள்ளை இல்லையா? என் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள், அதனால் கேட்கிறேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்: கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணே. ஆசிரியர் பயிற்சி கிடையாது, பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வந்திருக்கிறது. அதனால் பாடம் நான்தான் எடுக்கிறேன். கதை சொல்ல, பேச வைக்க, விளையாட்டு நடத்த அந்தப் பெண். தனியாக வகுப்பை விட்டுவிட்டு நான் போவதில்லை. ஓராண்டு இருந்துவிட்டுப் போகப் போகிற பிள்ளை தலையில் மொத்த இங்கிலீஷையும் கட்டக் கூடாது.

மூன்றாம் வகுப்பு டீச்சர்: ஆனால் வந்ததில் பலன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கடைசி வரிசையில் ஒரு பையன். பலகையில் எழுதினால் அச்சுப் போல நோட்டில் எழுதிவிடுவான், வாய் மட்டும் திறக்க மாட்டான். இந்த ஜெர்மன் பெண் ஆச்சி வீட்டு முகப்புத் தரை டைல்ஸைப் போனில் படம் எடுத்து வந்து, இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டது. உண்மையிலேயே அதற்குத் தெரியாது. பையன் எழுந்து முன்னால் வந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை. உள்ளங்கையை விரித்து, "கிளாஸ்" என்றான். அதன் மேல் இன்னொரு கையால் ஊற்றிக் காட்டி, "கலர்". அப்புறம் "சேண்ட், சிமெண்ட்". அழுத்திக் காட்டினான். கடைசியில் "வாட்டர், மெனி டேஸ்". ஏன் கண்ணாடி என்று கேட்டதற்கு ஒரே வார்த்தை, "ஷைன்!" இத்தனை நாளில் அவன் குரலை நான் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

எதிர் வீடு: படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது டீச்சர்.

கோடி வீட்டு அண்ணி: எந்த வீட்டுப் பையன்?

மூன்றாம் வகுப்பு டீச்சர்: பெயர் வேண்டாம் அண்ணி, கூச்சப்படுவான். இன்னொன்று. பிள்ளைகளோடு அந்தப் பெண் நிற்கிற படத்தை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளைகள் முகத்தைப் போடக் கூடாது.

எதிர் வீடு: என் மகன் போட்டது. எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்: நன்றி. சனிக்கிழமை பிள்ளைகளை ஆத்தங்குடிப் பட்டறைக்கு அழைத்துப் போகலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். அங்கே பிள்ளைகள்தான் அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் சொல்லித் தர வேண்டும். பெற்றோர் கையெழுத்து வியாழனுக்குள் வேண்டும். வண்டிதான் இன்னும் அமையவில்லை.

கடை அண்ணன்: என் வேன் சும்மாதான் நிற்கிறது டீச்சர், நானே ஓட்டி வருகிறேன். டீசல் காசு வேண்டாம். மகளிடம் கையெழுத்தையும் கொடுத்து விடுகிறேன்.

ஆச்சி (வளவு வீடு): மத்தியானத்துக்குப் புளியோதரை என் பொறுப்பு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தயிர்சாதம்.