பி.பி.க்கு டிசபிலிட்டி பென்ஷன் கேட்பது நியாயமா?

ஆரணிக்காரன்:
அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றார். லே, அப்புறம் வடகிழக்கு, கடைசியாக உத்தரப் பிரதேசத்தில் ஒரு பீஸ் ஸ்டேஷன் (எல்லைப் பதற்றம் இல்லாத அமைதிப் பகுதி). அங்கேதான் பி.பி. இருப்பது தெரியவந்து லோ மெடிக்கல் கேட்டகரியில் போட்டார்கள். ஓய்வு பெறும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு "பிரைமரி ஹைப்பர்டென்ஷன், 30 சதவீதம், ஆயுள் முழுவதும்" என்று எழுதியது. அதற்குக் கீழேயே, பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று முடித்துவிட்டது. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே வரி: நோய் தொடங்கியது பீஸ் ஏரியாவில். அதனால் டிசபிலிட்டி பென்ஷன் இல்லை என்றார்கள், முதல் அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. அப்பா "விடுடா" என்கிறார். மாமாவோ, "பிரஷருக்கெல்லாம் பென்ஷனா, ஊரில் எல்லோருக்கும்தான் இருக்கிறது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மேலே போகலாமா, வேண்டாமா?

வரிகட்டுபவன்:
உங்கள் மாமா பக்கம்தான் நான். கோபப்பட வேண்டாம். பேங்க் கேஷியருக்கு பி.பி. இருக்கிறது, பஸ் டிரைவருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டினால் வருகிற வியாதி. சியாச்சினில் விரல்களை இழந்தவருக்கும் கண்ணிவெடியில் கால் போனவருக்கும் என்று ஏற்படுத்திய பணம் இது. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேருக்கு இந்த டிசபிலிட்டி தொகை கிடைத்திருக்கிறது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. சொன்னது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஊனத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார் என்றால் யாராவது நம்புவார்களா?

பழைய சுபேதார்:
அதே சி.ஏ.ஜி. அறிக்கையில் ஜவான்கள், ஜே.சி.ஓ.க்கள் (ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவிக்காரர்கள்) கணக்கும் இருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 15 முதல் 18 சதவீதம். மலை மேல் செக்போஸ்டில் நிற்பது ஜவான், சதவீதம் ஏறுவது அதிகாரிக்கு. இந்தத் தம்பியின் அப்பா ஹவில்தார். அதிகாரிகள் மேல் இருக்கிற கோபத்தை அவர் தலையில் இறக்காதீர்கள்.

தம்பி, போர்டில் அடிக்கிற இந்த முத்திரைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "நானா": பணியால் வந்ததும் இல்லை, மோசமானதும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எங்கள் ஊரில் ரெண்டு தெருவுக்கு ஒரு "நானா" கேஸ் உண்டு. விடாதே.

வரிகட்டுபவன்:
சரி, அந்த வித்தியாசம் உண்மைதான், அது அநியாயமும்தான். ஆனால் அதிகாரி தவறாக வாங்குகிறார் என்பதற்காக ஹவில்தாரும் வாங்க வேண்டுமா? ராணுவமும் இதை உணர்ந்துதானே 2023 செப்டம்பரில் விதிகளை மாற்றியது?

கோர்ட்டுப் படி:
2023 விதிகளை இங்கே இழுக்க வேண்டாம். அவை 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு. தொடர்ந்து பணியில் இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தருவதற்கு "இம்பேர்மென்ட் ரிலீஃப்" என்று பெயரே மாறிவிட்டது. 2019-இல் போனவருக்கு 2008 விதிகள்தான்.

ஆரணிக்காரன் தம்பிக்கு: போர்டு எழுதிய 30 சதவீதத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் தருவார்கள். அப்பாவின் சம்பளம், எம்.எஸ்.பி.யோடு (ராணுவப் பணிக்கான தனிச் சம்பளம்) சேர்த்து 45,000 என்று வைத்துக்கொண்டால் 100-க்கு 13,500, 30-க்கு 4,050. சதவீதத்தை மேலே ரவுண்டாக்கும் பிராட் பேண்டிங்கில் 50-க்குக் குறைந்ததெல்லாம் 50 ஆகிவிடும், அப்போது 6,750. அதற்கு மேல் டி.ஆர். (அகவிலை நிவாரணம்) தனி. பதவிக்காலம் முடிந்து இயல்பாக ஓய்வு பெற்றவருக்கும் இந்த ரவுண்டிங் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்டெத்:
நான் ராணுவத்தில் இருந்ததில்லை, பொது மருத்துவன். இரண்டு தரப்பும் மருத்துவத்தைத் தங்களுக்கு வசதியாகப் பேசுவதால் எழுதுகிறேன்.

பிரைமரி ஹைப்பர்டென்ஷன் என்றாலே ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரை, உப்பு, எடை, வயது, தூக்கம், மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து வருவது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். ஆக்சிஜன் குறையும்போது உடம்பு முடுக்கிவிடப்படும், பிரஷர் ஏறும். கீழே இறங்கிய பிறகு பெரும்பாலானோருக்குத் தணிந்துவிடும். அதனால் "லேயில் இருந்தார், ஆகவே பி.பி." என்று நான் சான்றிதழ் தர மாட்டேன்.

ஆனால் "தொடங்கியது பீஸ் ஏரியாவில்" என்ற வரியும் மருத்துவம் இல்லை. பி.பி.க்கு அறிகுறி கிடையாது. கையில் பட்டையைக் கட்டி அளந்த அன்றைக்குத் தெரியவரும், அவ்வளவுதான். கண்டுபிடித்த தேதியைத் தொடங்கிய தேதி என்று எழுதுவதை எந்த மருத்துவ மாணவன் செய்தாலும் திட்டு வாங்குவான்.

வரிகட்டுபவன்:
இங்கேதான் ஓட்டை. ராணுவத்தில் வருடா வருடம் மெடிக்கல் உண்டு. லேயில் இருந்தபோதும் அளந்திருப்பார்கள். அப்போது நார்மல், பிறகு உத்தரப் பிரதேசத்தில் 150/100 என்றால், நடுவில்தான் வந்திருக்கிறது. இதற்கு எந்த நிபுணரும் வேண்டாமே, டாக்டர் சார்.

பழைய சுபேதார்:
வருடாந்திர மெடிக்கல் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு டென்ட், வெளியே ஒரு கம்பெனி வரிசை. உள்ளே நர்சிங் அசிஸ்டென்ட், மேஜை மேல் கட்டாக ஃபார்ம். பட்டையைக் கட்டினாலும் 120/80, கட்டாவிட்டாலும் 120/80. எனக்கும் 120/80, என் பின்னால் நின்ற சமையல்காரருக்கும் 120/80. ஒரு நாள் முழுக்க ஒரே நம்பர்.

ஸ்டெத்:
சுபேதார் சொல்வதைச் சரிபார்க்கலாம். உண்மையில் அளந்த எண்கள் 126/84, 132/78 என்று சிதறிக் கிடக்கும். தொடர்ந்து பல வருடம் அச்சடித்த மாதிரி 120/80 என்று இருந்தால் அந்தத் தாளை நார்மலுக்கு ஆதாரமாக நான் எடுக்க மாட்டேன். அதே சமயம் எண்கள் நிஜமாகவே சிதறி, நார்மலுக்குள் இருந்தால் வரிகட்டுபவன் கேட்பது சரியான கேள்வி. தாள்களைப் பார்க்காமல் நாம் எல்லோரும் காற்றில்தான் பேசுகிறோம்.

கோர்ட்டுப் படி:
மருத்துவத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றால், சந்தேகத்தின் பலன் யாருக்கு? வழக்கே இதில்தான் நிற்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பைப் பாருங்கள். சேரும்போது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் வந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் வீரர் மேல் இல்லை. போர்டு மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதே நிலைதான்.

வரிகட்டுபவன்:
தரம்வீர் சிங்குக்கு இருந்தது வலிப்பு, பிரஷர் இல்லை. அது 1982 விதிகளின் கீழ் வந்த தீர்ப்பு. நீங்களே இவருக்கு 2008 விதிகள் என்றீர்கள். மெடிக்கல் போர்டு கருத்துக்குத்தான் முதலிடம் என்று 2007-இல் கேசர் சிங் வழக்கிலும் 2009-இல் தாமோதரன் வழக்கிலும் இதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே?

கோர்ட்டுப் படி:
படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறீர்கள், சந்தோஷம். அந்த இரண்டு தீர்ப்புகளும் உண்டு, அரசுத் தரப்பு எல்லா வழக்கிலும் அவற்றைத்தான் நீட்டும். 2008 விதிகளில் அந்தப் பழைய அனுமானம் முன்போல இல்லை என்பதும் சரி. ஆனால் 2008 விதிகளிலும் சாதாரணமாக நிரூபிக்கும் பாரம் கேட்பவர் மேல் இல்லை. ஓய்வு பெற்று 15 வருடம் கழித்துக் கேட்டால்தான் அது அவர் பக்கம் திரும்பும். 2025-இல் சர்க்கரை நோய் வழக்கு ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம், 2008 விதிகளின் கீழும் போர்டு காரணம் காட்டியே ஆக வேண்டும், பீஸ் ஸ்டேஷனில் வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது என்றது. இந்தத் தம்பியின் அப்பா தாளில் இருப்பதும் அதே ஒற்றை வரிதான்.

இன்னொன்று. ராணுவ டாக்டர்களுக்கான வழிகாட்டி நூலே பி.பி. பணியால் "வந்தது" என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஃபீல்ட், உயர்மலைப் பகுதிகளில் நீண்ட காலம் இருந்தவருக்குப் பணியால் "மோசமானதா" என்று பரிசீலிக்கச் சொல்கிறது. அப்பீலில் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடியுங்கள். எந்த வருடம் எங்கே போஸ்டிங் என்று பட்டியலாகக் கொடுங்கள். நோய்க்கு முந்தைய 14 நாள் டியூட்டி விவரம் வேண்டும் என்று யாராவது குழப்புவார்கள், அது இதய நோய்க்குக் கேட்பது.

திண்ணை:
அமெரிக்காவில் 2022-இல் பேக்ட் சட்டம் வந்தது. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி பட்ட வீரர்களுக்கு பி.பி. வந்தால் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன?

ஸ்டெத்:
அங்கே ஒரு ரசாயனத்தைக் கைகாட்ட முடிந்தது. அப்புறம், அங்கே சதவீதம் அளவைப் பொறுத்தது. கீழ் அளவு பெரும்பாலும் 100-ஐத் தொட்டால் 10 சதவீதம், 110 என்றால் 20. இங்கே 30 என்று பொத்தாம்பொதுவாகப் போட்டு, அப்புறம் 50 ஆக்குகிறோம். ஒரு மாத்திரையில் அடங்குகிற பிரஷருக்கும் சிறுநீரகத்தைக் கெடுத்த பிரஷருக்கும் ஒரே தொகையா? வரிகட்டுபவனின் எரிச்சலில் எனக்குப் புரிகிற பகுதி இதுதான்.

பழைய சுபேதார்:
அதைக் கமிட்டி போட்டு மாற்றுங்கள் டாக்டர். ஏற்கெனவே எழுதிய 30-ஐ எழுதியவரே "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று கை கழுவுவதைத்தான் கேட்கிறோம். லோ கேட்டகரி என்று சொல்லிப் பல பேருக்கு புரமோஷனே நின்றது. அப்போது மட்டும் அந்த பி.பி. ராணுவத்துக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்ததா?

ஆரணிக்காரன்:
அப்பாவுக்கும் நாயப் சுபேதார் ஆவது அப்படித்தான் தள்ளிப்போய், கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார். சரி, அடுத்து என்ன செய்வது? நாள் கடந்துவிட்டதே.

கோர்ட்டுப் படி:
இரண்டாவது அப்பீல் கமிட்டிக்குப் போங்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள். வக்கீல் இல்லாமல் அப்பாவே நேரில் வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தாமதத்தின் விலை வேறு: உச்ச நீதிமன்றத்தின் தர்செம் சிங் தீர்ப்புப்படி, பென்ஷன் பாக்கி பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

வரிகட்டுபவன்:
என் கருத்து மாறவில்லை. போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் போடுங்கள். ஆனால் லே காலத்து வருடாந்திர மெடிக்கல் தாள்களையும் சேர்த்துப் போடுங்கள், நார்மல் என்று இருந்தாலும் சரி.

ஆரணிக்காரன்:
அவை எங்களிடம் இல்லை, ரெக்கார்ட்ஸ் ஆபீசில்தான் இருக்கும். ஆர்.டி.ஐ. மனு எழுதிவிட்டேன், அப்பா கையெழுத்துப் போட்டதும் அனுப்புகிறேன். 120/80 என்று வந்தாலும் 126/84 என்று வந்தாலும் இங்கேயே போடுகிறேன், சார்.