மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர்கள், சேரப் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா?

செந்தூல்காரி எழுதியது:

அப்பாவுக்கு 71 வயது. புரோஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, தினமும் வெறும் வயிற்றில் அபிராடெரோன் மாத்திரை. போன வருடம் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில், புது மாத்திரைக்கு ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து “மருந்துச் சோதனை” என்று சொல்லித் தொலைத்தேன். “நமக்கு வந்த சோதனை பத்தாதா?” என்று அம்மா சாமி அறைக்குள் போய்விட்டார். ஆய்வு என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தி அப்புறம்தான் வந்தது.

ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேல். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. அப்பா பேசுவது பசார் மலாய். லோரி ஓட்டவும் மீன் வாங்கவும் அது போதும். “செச்சாரா ராவாக்” என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இது என்னம்மா?” என்றார். குலுக்கல் முறை என்றேன், லாட்டரியா என்றார். கடைசியில், “அக்கா கல்யாணத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோமே, அது மாதிரிப்பா. எந்தப் பொட்டலத்தில் சிவப்புப் பூ, எதில் வெள்ளைப் பூ என்று எடுக்கிற குழந்தைக்கும் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது” என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

உடனே அடுத்த கேள்வி: “வெள்ளைப் பூ வந்தா எனக்கு மருந்தே கிடையாதா?” இதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். டாக்டரிடமே கேட்டோம். எந்தப் பொட்டலம் வந்தாலும் ஊசியும் அபிராடெரோனும் நிற்காது, அதற்கு மேல் கொடுக்கும் மாத்திரை மட்டும்தான் நிஜமா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று தெரியாது என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார். அப்பா விழுங்கும் அபிராடெரோனே இப்படி வந்ததுதான். 2017இல் முடிவு வெளியான லாட்டிட்யூட் ஆய்வில் 34 நாடுகளிலிருந்து 1,199 ஆண்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஹார்மோன் சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்கு அதோடு அபிராடெரோன், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. அபிராடெரோன் எடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் 38 சதவீதம் குறைவாக இருந்தது. “அந்த 1,199 பேரில் பாதிப் பேர் வெள்ளைப் பூ எடுத்தவங்களா?” என்று கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவைக் கேட்டார்.

ஒவ்வொரு தடவையும் காலி டப்பாவையும் மீந்த மாத்திரையையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். மிஸ்ஸி (நர்ஸ்) நீலத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். ஒரு தடவை இரண்டு மாத்திரை அதிகம் இருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டார், எங்களிடம் மூச்சு விடவில்லை. மிஸ்ஸி திட்டுவார் என்று பார்த்தால், தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் மருமகள் எழுதியது:

என் மாமியாருக்குச் சினைப்பைப் புற்றுநோய். சொந்தக்காரர்களிடம் இன்று வரை “வயித்துல கட்டி” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். கீமோ முடிந்ததும் பினாங்கில் ஒரு ஆய்வுக்குப் பெயர் கொடுத்தோம். பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும் என்று ரத்தம் எடுத்தார்கள். 2018இல் முடிவு வந்த சோலோ-1 ஆய்விலும் அப்படிப்பட்ட 391 பெண்களைத்தான் சேர்த்தார்களாம், சிலருக்கு ஒலபாரிப் என்ற மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை.

முடிவைப் போனில் சொன்னார்கள், அதுவும் அத்தையிடமே. “தீடாக் லாயாக்.” மலாயில் அதற்குத் தகுதி வரம்புக்குள் வரவில்லை என்று அர்த்தம். அத்தை காதில் விழுந்தது நம்ம ஊர் லாயக்கு. “நான் எதுக்குமே லாயக்கில்லாதவன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க” என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மரபணுவில் பழுது இல்லை, அதனால்தான் சேர்க்கவில்லை, அந்தப் பழுது பிள்ளைகளுக்கும் போகக்கூடியது என்பதால் அது நாத்தனாருக்கும் ஒரு வகையில் நிம்மதிதான் என்று டாக்டர் நேரில் விளக்கிய பிறகுதான் சமாதானம் ஆனார். போன் எடுத்த ஆள் ஒரு நிமிடம் சேர்த்துப் பேசியிருந்தால் இவ்வளவு அழுகை இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஆயர் ஈத்தாம் தம்பி எழுதியது:

நான் ஆய்வில் சேரவில்லை, பழைய ஆய்வின் பலனை அனுபவிப்பவன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய். காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் அதே பி.சி.ஜி.யைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார்கள், வாரம் ஒன்று, ஆறு வாரம். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் உலகத்தில் உள்ள எல்லா நீர்வீழ்ச்சியும் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்கு வந்ததும் போகிற ஒவ்வொரு தடவையும் கழிவறையில் குளோரக்ஸ் (ப்ளீச்) ஊற்றி வைக்க வேண்டும். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

இதை 1976இல் கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் என்ற டாக்டர் முதலில் எழுதியபோது அவர் கையில் இருந்தது 9 நோயாளிகள்தான். அந்த ஒன்பது பேரின் வீட்டிலும் யாராவது “நீ என்ன எலியா?” என்று கேட்டிருப்பார்கள்.

செந்தூல்காரி, ஒரு கேள்வி. நடுவில் விலகினால் ஏதாவது பிரச்சினை பண்ணுவார்களா?

செந்தூல்காரி எழுதியது:

இல்லை தம்பி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை தொடரும் என்று படிவத்திலேயே இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் அதில் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஆய்வு மாத்திரைக்குக் காசில்லை, போக்குவரத்துக்கும் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறார்கள். நேரம்தான் செலவு. ஸ்கேன் இருந்தால் முழு நாளும் போய்விடும்.

பட்டர்வொர்த் அக்கா, அந்த லாயக்கு விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “பாவம்லா அந்தம்மா” என்றார்.

போன வாரமும் மாத்திரை எண்ணி முடிந்ததும் மிஸ்ஸியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “மேரா கா, பூத்தே?” சிவப்பா, வெள்ளையா. பூ விஷயத்தை அவரிடம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார் போல. மிஸ்ஸி தலை நிமிராமலேயே பதில் சொன்னார்: “பெலும் தாஹு லாகி, பாக்சிக்.” இன்னும் தெரியாது, பெரியவரே.