மஜ்ஜைக் குருத்தணு ஏன் இரத்தத்தோடு நின்றுவிடுகிறது?

குடியாத்தம் ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்பில் மரபணு வெளிப்பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது, தலசீமியா (ஹீமோகுளோபின் மரபணுப் பழுதால் வரும் பரம்பரை இரத்தச்சோகை) நோயுள்ள தம்பிக்கு வேலூரில் எலும்பு மஜ்ஜை (இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் குருத்தணுக்கள் கொண்டது) கொடுத்த மாணவி ஒருத்தி, "எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறதென்றால், என் மஜ்ஜை அவன் உடம்பில் இரத்தத்தை மட்டும் உண்டாக்குவது ஏன்? ஈரலையோ தோலையோ ஏன் உண்டாக்கவில்லை?" என்று கேட்டாள். தேவையில்லாத மரபணுக்கள் அணைக்கப்பட்டிருக்கும் என்றேன். அணைப்பது யார் என்று உடனே கேட்டாள். அதற்கு என்னிடம் தெளிவான விடை இல்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாகாயம் ஆய்வு மாணவர்:
அம்மா, அணைப்பவை பெரும்பாலும் புரதங்கள். அந்தப் புரதங்களுக்கும் மரபணுக்கள் உண்டு. மஜ்ஜையில் காட்டா-1 என்னும் புரதம் சிவப்பணுவுக்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது; பி.யூ.1 என்பது வெள்ளையணுக்கள் பலவற்றுக்குரியவற்றைத் தூண்டுகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று தடுக்கவும் செய்கிறது. ஈரலுக்குரிய மரபணுக்களோ அங்கே ஹிஸ்டோன் புரதங்களின்மேல் இறுகச் சுற்றப்பட்டு, பலவிடங்களில் மெத்தில் குறியும் (டி.என்.ஏ.வில் ஒட்டும் சிறு வேதிக் குறி) பெற்று, படியெடுக்க வழியின்றிக் கிடக்கின்றன. செல் பிரியும்போது மெத்தில் குறிகளும் படியெடுக்கப்படுவதால் சேய்ச் செல்களும் அதே நிலையில் தொடர்கின்றன.

உங்கள் மாணவிக்குத் தலசீமியாவையே எடுத்துக்காட்டலாம். கருவிலிருக்கும் குழந்தை காமா என்னும் புரதச் சங்கிலி கொண்ட ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் காமா மரபணுவை அடக்க, பீட்டா சங்கிலி அந்த இடத்துக்கு வருகிறது. பீட்டாவில் பழுதுள்ள குழந்தைக்கு அப்போதுதான் நோய் வெளிப்படத் தொடங்குகிறது. நோயாளியின் மஜ்ஜைக் குருத்தணுக்களை எடுத்து, பி.சி.எல்.11ஏ மரபணு சிவப்பணு வரிசையில் வெளிப்படத் தேவையான டி.என்.ஏ. துண்டை வெட்டித் திரும்பச் செலுத்தினால், காமா மீண்டும் விழித்துக்கொள்கிறது. இச்சிகிச்சைக்கு பிரிட்டன் 2023-இல் ஒப்புதல் அளித்தது.

வாலாஜா ஓய்வாசிரியர்:
'அணைந்துவிடும்' என்றால் பிள்ளைகள் 'அழிந்துவிடும்' என்றே எழுதிவைப்பார்கள். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். தவளைக்குஞ்சின் குடற்செல் உட்கருவை, உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட முட்டையில் வைத்து ஜான் கர்டன் தவளைக்குஞ்சுகளை வளர்த்ததையும் (1962), எலியின் தோல் செல்லில் நான்கே மரபணுக்களைச் செலுத்தி யமனாகா அதைக் கரு நிலைக் குருத்தணு போல மாற்றியதையும் (2006) சேர்த்துச் சொல்லுங்கள்; அணைந்த மரபணுக்கள் அழியவில்லை என்பதை அவை காட்டும். இருவருக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் விலக்கும் உண்டு: முதிர்ந்த சிவப்பணு உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது, லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களில் ஒரு வகை எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன.

குடியாத்தம் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் தம்பியின் இரத்தத்தைச் சோதித்தால் அக்காளின் டி.என்.ஏ. தெரியுமா?

பாகாயம் ஆய்வு மாணவர்:
தெரியும், அம்மா. மாற்று முழுமையாகப் பற்றியிருந்தால் அவனுடைய வெள்ளையணுக்களில் அக்காளின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களே காணப்படும். தோலும் தசையும் அவனுடைய எக்ஸ்-ஒய் ஆகவே இருக்கும்.