ஆத்தங்குடி பட்டறையில் இரண்டு பழைய கணினிகள்: லுபுண்டு போடலாமா? எத்தனை வருடம் தாங்கும்?

கல்பட்டறை, ஆத்தங்குடி

வணக்கம். எங்களுடையது பூக்கல் போடும் சின்னப் பட்டறை. ஆபீஸ் அறையில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது: விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். பில், கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். இன்னொன்று 1 ஜிபி ரேமோடு ஒரு குட்டி நெட்புக். வாடிக்கையாளர் வந்தால் டிசைன் படம் காட்ட மட்டும். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே மேசை, அதனால் இரண்டிலும் சிமெண்டுத் தூசி ஏறியிருக்கும்.

கொஞ்ச நாளாக டெஸ்க்டாப்பில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மறிக்கிறது. சில நாள் தானாகவே சரியாகிவிடுகிறது. வேகமும் போதவில்லை.

மாமா மகன் லுபுண்டு போடச் சொல்கிறான், விண்டோஸுக்குப் பதில் போடும் இலகு லினக்ஸ் இயங்குதளமாம். போடலாம். ஆனால் அப்பா புதிதாக ஒன்றைப் பழகி முடிக்கும்போது "இதற்கு ஆதரவு நின்றுவிட்டது" என்று ஆனால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார். இந்த இலகு இயங்குதளங்களைச் செய்கிறவர்கள் நம் மாதிரி பழைய கணினிக்காரர்களை நினைத்துத்தான் செய்கிறார்களா?

சர்வீஸ்காரன், தேவகோட்டை

தம்பி, இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். காலையில் கணினியைப் போட்டவுடன் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் இரண்டின் பிராசஸர் பெயரும் வேண்டும், பழைய 32 பிட் வகையா, புதிய 64 பிட் வகையா என்று தெரியத்தான். "32 பிட்" என்று விண்டோஸ் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது உள்ளே போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது. 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தது அந்தக் காலத்தில் சகஜம்.

கல்பட்டறை, ஆத்தங்குடி

அண்ணே, தேதி 2009 ஜனவரி 1! டெஸ்க்டாப்பில் கோர் 2 டூயோ ஈ7500. நெட்புக்கில் ஆட்டம் என்270.

சர்வீஸ்காரன், தேவகோட்டை

உங்கள் முதல் பிரச்சினைக்கு மருந்து நாணயம் மாதிரி இருக்கும் ஒரு பேட்டரி: சிஆர்2032. மதர்போர்டில் அது தீர்ந்துபோனால் மின்சாரம் நின்றதும் தேதி பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கணக்கு உண்டு. கணினி 2009-இல் நின்றால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். இணையத்தைப் பார்த்து விண்டோஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் நாளில் தானாகச் சரியாகிறது, அவ்வளவுதான். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

ஆனாலும் விண்டோஸ் 7-இல் தொடராதீர்கள், அதுவும் ஜிஎஸ்டி பார்க்கும் கணினியில். 2020 ஜனவரி 14-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் பொது ஆதரவு முடிந்தது. 11-ஐ இந்தப் பிராசஸர் தாங்காது.

லுபுண்டு பற்றி: பழைய கணினிக்கானது என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டதே தவிர, அவர்களே 2018-இல் பாதையை மாற்றிக்கொண்டார்கள். பழைய வன்பொருளை முதன்மை நோக்கமாக வைக்கப் போவதில்லை, குறைந்தபட்சத் தேவை இவ்வளவு என்றும் இனி சொல்லப் போவதில்லை என்று அறிவித்தார்கள். 18.10-ஆம் பதிப்பு முதல் எல்எக்ஸ்டிஇ என்ற திரைச்சூழல் போய் எல்எக்ஸ்கியூடி வந்தது. 18.04-க்குப் பிறகு 32 பிட்டில் நீண்டகாலப் பதிப்பு (அதிக வருடம் திருத்தம் தரும் பதிப்பு) இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கையளவு ஆட்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை, எல்லாக் கணினியையும் அவர்களால் சுமக்க முடியாது. நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று வருடம் தருகிறார்கள்: 24.04 என்றால் 2027 ஏப்ரல் வரை.

உங்கள் அப்பாவை நினைத்தால் நான் டெபியன் 13-ஐ (இதுவும் ஒரு லினக்ஸ்தான்) எல்எக்ஸ்கியூடியோடு போடுவேன். திரை ஏறத்தாழ லுபுண்டு மாதிரிதான். 2025 ஆகஸ்டில் வந்தது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை ஓடும். ரேமை 4 ஜிபி ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமாக ஓடும் ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். அதைச் செய்யாமல் எந்த இலகு இயங்குதளம் போட்டாலும், உலாவியில் நான்கு தாவல் திறந்ததும் பழைய கதைதான். இன்று ரேமைத் தின்பது இயங்குதளம் இல்லை, உலாவி.

நெட்புக்கைப் பழைய இரும்புக்குப் போடலாம். என்270 முழுக்க 32 பிட்.

ஓய்வுபெற்றவன், கோட்டையூர்

பழைய இரும்பா? அவசரப்படாதீர்கள் சர்வீஸ் தம்பி. என்னிடம் இருப்பதும் அதே என்270 தான். ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகு லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். 512 எம்பி ரேமிலேயே ஓடும் என்று அவர்கள் சொல்வார்கள், 1 ஜிபியில் தாராளம். பழைய கணினியைத் தூக்கிப் போடாதே என்பதுதான் அவர்கள் நோக்கமே. பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி கூடச் சேர்க்காமல், ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர நிர்வாகியோடு தருகிறார்கள். படம் காட்டுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சர்வீஸ்காரன், தேவகோட்டை

ஐயா, படம் காட்ட சரி. இணையத்துக்கு வேண்டாம் என்கிறேன். ஆன்டிஎக்ஸ் 23-க்கு அடித்தளம் டெபியன் 12. டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல்லுக்கு நிறுவும் நிரலும் இல்லை, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ்காரர்களுக்கு எவ்வளவு மனம் இருந்தாலும், அடியில் இருப்பவர்கள் கையை எடுத்தால் என்ன செய்வார்கள்?

ஓய்வுபெற்றவன், கோட்டையூர்

அது நியாயம். வைஃபையை அணைத்துவிட்டு, படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளட்டும். இப்படி வைத்துக்கொண்டால் ஆதரவு முடியும் தேதியைப் பற்றிக் கவலையில்லை. நெட்புக் சாகும்வரை ஓடும்.

டீச்சர் ஆச்சி, பள்ளத்தூர்

தம்பி, கூலிக் கணக்கு தமிழிலா? எந்த எழுத்துரு? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், புது இயங்குதளத்தில் திறக்கும்போது பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். கணக்கே போய்விட்டது என்று அலற வேண்டாம். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லிப்ரே ஆபீஸிலும் வேலை செய்யும். இனி அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் பரணில் தூங்குகின்றன. உறவில் யாரிடமாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், நெட்புக்கைவிட அது எவ்வளவோ மேல்.

கல்பட்டறை, ஆத்தங்குடி

பேட்டரி மாற்றியாயிற்று. தேதி நிற்கிறது, ஜிஎஸ்டி தளமும் திறக்கிறது. மூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் சிவப்புச் சாயப்பொடி பூசினாற்போல் ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஆச்சி, நீங்கள் சொன்னது பாமினியேதான், எடுத்து வைத்துவிட்டேன்.

டெபியனைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ஓட்டிப் பார்த்தோம். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "கால்குலேட்டர் எங்கே?" வைஃபை உடனே பிடித்தது. லேசர் பிரிண்டர் மட்டும் பட்டியலில் வரவே இல்லை அண்ணே. பில் அடிக்காமல் முடியாது.

சர்வீஸ்காரன், தேவகோட்டை

மலிவு லேசர் பிரிண்டர் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரின் தனி டிரைவர் இருந்தால்தான் உயிர் வரும். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை அனுப்புங்கள், லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் டெபியனை எஸ்எஸ்டியில் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே விட்டுவிடலாம். வைஃபையை அணைத்துவிட்டு பில் மட்டும் அதில் அடியுங்கள். பிரிண்டர் மாற்றும்வரை அப்படி ஓட்டலாம்.