மறு: லாம்டா, ஏ.எஃப்.ஆர். இரண்டுக்கும் தமிழ்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நாம் தமிழாக்கும் செயலியில் மற்ற பக்கங்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன. ஆக்சிஜன் சென்சார் பக்கம் மட்டும் ஆளுக்கொரு சொல்லாகக் கிடக்கிறது. காரின் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கோளாறுகளையும் அளவீடுகளையும் படிக்கும் இணைப்பில்) புளூடூத் அடாப்டரைச் செருகிப் போனில் பார்ப்பவர்களில் பலர் மெக்கானிக்குகள். அவர்களுக்குப் புரியாத சொல்லைப் போட்டால் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

> சென்சார் அளப்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை. எனவே ‘காற்று-எரிபொருள் விகித உணரி’ என்பதே நேரான பெயர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உணரிக்குப் பெட்ரோல் எவ்வளவு போனது என்றே தெரியாது. உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான், இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம், மிஞ்சாமல் போனால் 0.8, 0.9 பக்கம். எரிந்த பிறகு மிஞ்சியதை வைத்து எரிவதற்கு முன் என்ன கலவை இருந்தது என்று ஊகிக்கிற வேலை ஈசியூவுடையது, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியுடையது.

இது வெறும் தத்துவம் இல்லை. என் மைத்துனர் பட்டறையில் ஒரு வண்டி நின்றது. ஸ்கேனரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “மச்சான், இது லீன்னு காட்டுது. சைலன்சர்கிட்ட போய் மோந்து பாருங்க, ஒரே பெட்ரோல் வாடை.” ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் செத்திருந்தது. அந்தச் சிலிண்டரில் காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. உணரிக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும். ‘காற்று அதிகம்’ என்கிறது, அதை நம்பி ஈசியூ இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. உணரிக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். பெயரிலேயே ‘விகிதம்’ என்று எழுதிவிட்டால் மெக்கானிக் அந்த எண்ணை விகிதமாகவே நம்புவார், பெட்ரோல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றுவார். ஆகவே உணரிக்கு ‘ஆக்சிஜன் உணரி’ போதும். இலங்கை நண்பர்கள் ‘ஒட்சிசன்’ என்று எழுதட்டும், அதற்குத் தனி மொழிக்கோப்பு இருக்கிறது. ‘உயிர்வளி’ அழகான சொல், ஆனால் புகைக்குழாய்க்குள் யாரும் அதைத் தேடமாட்டார்கள்.

சரி, திரையில் வரும் எண்ணுக்கு வருவோம். சண்டையே அங்கேதான்.

> ஓபிடி தரநிலையில் ‘ஈக்விவலன்ஸ் ரேஷியோ’ என்றிருக்கிறது. ‘சமான விகிதம்’ என்று போட்டால் முடிந்தது.

முடியாது. எரிதல் பாடம் படித்தவர்களுக்கு ‘ஈக்விவலன்ஸ் ரேஷியோ’ என்றால் ஃபை. எரிபொருளை மேலே வைத்துக் கணக்கிடுவது. ஓபிடியில் அதே பெயரில் வருவதோ லாம்டா. காற்றை மேலே வைத்துக் கணக்கிடுவது. ஒன்று மற்றதன் தலைகீழ். பெட்ரோல் கூடினால் ஃபை ஒன்றைத் தாண்டும், லாம்டா ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஆங்கிலத்தில் இருக்கும் இந்தக் குழப்பத்தை நாமும் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

என் முன்மொழிவு: லாம்டாவுக்கு ‘காற்று மடங்கு’, ஃபைக்கு ‘எரிபொருள் மடங்கு’.

லாம்டா என்பது தேவையான காற்றில் எத்தனை மடங்கு உள்ளே போனது என்ற கணக்குதான். காற்று மடங்கு 1 என்றால் தேவைக்குச் சரி. 1.05 என்றால் ஐந்து சதவீதம் கூடுதல். 0.85 என்றால் பதினைந்து சதவீதம் பற்றாக்குறை, அதாவது பெட்ரோல் கூட. விளக்கக் குறிப்பே வேண்டாம், பெயரே சொல்லிவிடுகிறது. ஓபிடியில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஓர் எண் உண்டு. 24-ஆம் எண்ணில் வரும் முதல் இரண்டு பைட்டுகளைச் சேர்த்து 32768 கிடைத்தால் காற்று மடங்கு 1, அதைவிடக் குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடுதல். ஈசியூ கேட்கும் இலக்கு 44-ஆம் எண்ணில் வரும். அது ‘கோரிய காற்று மடங்கு’.

‘காற்று-எரிபொருள் விகிதம்’ (ஏ.எஃப்.ஆர்.) என்ற சொல்லை 14.7 போன்ற எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஆனால் அதன் பக்கத்தில் ‘கணக்கிட்டது’ என்று ஒரு வார்த்தை வேண்டும் என்பது என் பிடிவாதம். செயலி பெரும்பாலும் லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 14.7 என்பது சுத்தப் பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில். எத்தனாலுக்கு 9. இப்போது பங்கில் போடும் இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) சுமார் 13.5 வரும். சிஎன்ஜி என்றால் 17-ஐத் தாண்டும். இ20 ஊற்றிய வண்டியிலும் திரை 14.7 என்றுதான் சொல்லும், ஆனால் உள்ளே போகும் விகிதம் அது இல்லை. காற்று மடங்கு 1 மட்டும் எந்த எரிபொருளுக்கும் 1-தான். முதன்மை எண்ணாக அதையே காட்டச் சொல்லி நிரலர்களிடமும் கேட்கலாம்.

> நேரோபேண்ட் = குறும்பட்டை, வைட்பேண்ட் = அகலப்பட்டை

இவை உணரியின் இரண்டு வகைகள், ஆனால் இதைப் படிப்பவர் இணைய இணைப்பு என்று நினைப்பார். இங்கே அலைவரிசையே கிடையாது. போஷ் செய்து 1976-இல் வோல்வோ காரில் முதலில் வந்த வகை, கலவை 1-க்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். 0.45 வோல்ட்டைச் சுற்றிச் செங்குத்தாக விழுந்து எழும். எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஃபுல் திராட்டிலில் 0.85 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் உள்ள வித்தியாசம் கலவையால் வந்ததா, உணரியின் சூட்டால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. கம்பெனி சென்சாரின் வோல்ட்டை விகிதமாக மாற்றிக் காட்டும் பட்டியலை நம்பி டியூனிங் செய்கிறவர்கள் பிஸ்டனைப் பணயம் வைக்கிறார்கள்.

இன்னொரு வகையில் ஆக்சிஜனை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் ஒரு பம்ப் செல் கூடுதலாக உண்டு. சிறு அறைக்குள் எப்போதும் காற்று மடங்கு 1 இருக்கும்படி தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவீடு.

ஆகவே ‘பக்கங்காட்டி’, ‘அளவுகாட்டி’. முன்னதற்குப் ‘புறங்காட்டி’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வேண்டாம், போர்க்களத்தில் முதுகு காட்டி ஓடியவன் ஆகிவிடும்.

வண்டியில் எது இருக்கிறது என்று செயலியே கண்டுபிடிக்கலாம். 14-இலிருந்து தொடங்கும் எண்களில் வெறும் வோல்ட் வந்தால் பக்கங்காட்டி (பைட்டை 200-ஆல் வகுக்க வேண்டும், 90 வந்தால் 0.45). 24 அல்லது 34-இலிருந்து தொடங்கும் எண்களில் வந்தால் அளவுகாட்டி. ஒரு விதிவிலக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். டொயோட்டாவின் பழைய அளவுகாட்டிகளில் நடுநிலை 3.3 வோல்ட். பொது ஸ்கேனரில் அது ஐந்தால் வகுபட்டு 0.66 என்று வரும். திசையும் மாறும், அங்கே வோல்ட் ஏறினால் காற்று கூடுதல். பக்கங்காட்டியின் பழக்கத்தில் 0.66-ஐப் பார்த்தால் ‘பெட்ரோல் அதிகம்’ என்று தோன்றிவிடும்.

மற்றவை சுருக்கமாக. ஃபியூல் டிரிம் (உணரி சொல்வதை வைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ‘எரிபொருள் திருத்தம்’. குறுகிய காலத்துக்கு ‘உடனடித் திருத்தம்’, நீண்ட காலத்துக்கு ‘பதிந்த திருத்தம்’. ‘பேங்க் 1’-க்கு ‘வங்கி 1’ என்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சிலிண்டர் ‘வரிசை 1’. குளோஸ்டு லூப், ஓப்பன் லூப் இரண்டுக்கும் ‘மூடிய சுற்று’, ‘திறந்த சுற்று’ சரிப்படாது. இதே உணரியின் ஹீட்டர் ஒயர் அறுந்தாலும் செயலி ‘திறந்த சுற்று’ என்றுதான் பிழை காட்டுகிறது. இன்ஜின் சூடாகாததால் ஈசியூ உணரியைக் கேட்காமல் ஓடுவதும் ஒயர் அறுந்ததும் ஒன்றா? ‘பின்னூட்டத்துடன்’, ‘பின்னூட்டமின்றி’ என்று போடலாம்.

ரிச் (பெட்ரோல் கூடிய கலவை), லீன் (காற்று கூடிய கலவை) இரண்டும்தான் எனக்கு இன்னும் முழுதாக அமையவில்லை. ‘செறிகலவை’, ‘மெலிகலவை’ என்று இப்போதைக்கு ஏற்றியிருக்கிறேன். ‘செறிவு’ வேதியியலில் வேறு வேலை பார்க்கிறது என்ற எதிர்ப்பு நியாயமானது. யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘ஐதான கலவை’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இங்கே பட்டறையில் அதைப் படித்துக் காட்டியபோது யாருக்கும் பிடிபடவில்லை. ‘காற்று மிகை’, ‘பெட்ரோல் மிகை’ என்று உடைத்துச் சொன்னால் புரிகிறது, ஆனால் டீசல், சிஎன்ஜி வண்டிகளில் இடிக்கும், பொத்தானிலும் இடம் போதாது. இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் வரும் பதிப்பிலேயே ஏற்றிவிடுகிறேன்.